பூட்டிய அறையும் ஓர் எண்ணும்

எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்த கையோடு எனக்கும் என் தோழிக்கும் ஒரே கம்பெனியில் வேலை கிடைத்தது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு வீட்டின் மாடியில் இருந்த சின்ன கம்பெனி. அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர் அதை நடத்தினார். படித்தவர்கள் எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. குவைத்திலிருந்து போனில் பேசிய அத்தா, "வீட்ல இருந்தே போயிட்டு வர்ற வேல. விட்றாதம்மா" என்றார்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவளுக்கு அடுத்த கிராமம். தினமும் பாபநாசம் ஸ்டேஷனில் ஒன்றாகப் பாசஞ்சர் ஏறுவோம். அவள் அப்பா நெல் சாகுபடி செய்பவர். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருடங்கள் அவை. ஜன்னல் வழியாகத் தரிசாகக் கிடக்கும் வயலைப் பார்த்துக்கொண்டே, "தண்ணிக்குக் காத்துக்கிட்டே என்னால இங்க கெடக்க முடியாதுடி" என்பாள்.

நாங்கள் எழுதியது மருந்துச் சோதனைகளைத் திட்டமிடும் மென்பொருள். இத்தனை நோயாளிகள் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, கடைசிவரை எதையும் பார்க்காமல் இருப்பது பழைய முறை. எங்களுடைய மென்பொருள் பாதி வழியில் ஒருமுறை பார்க்கும். மருந்தால் பயனில்லை என்றால் நிறுத்தச் சொல்லும். பலன் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்லப் போதவில்லை என்றால், இன்னும் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று கணக்கிடும். அந்தக் கணக்கின் விதியை நானும் அவளும் சேர்ந்துதான் எழுதினோம். நடக்காத சோதனையைக் கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் தடவை நடத்தி, விதி எங்கே சறுக்குகிறது என்று பார்த்துத் திருத்துவோம்.

பாதியில் பார்த்த முடிவு மட்டும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் டாக்டர்கள் நோயாளிகளைச் சேர்க்கும் விதமே மாறிவிடும். பிறகு அந்தச் சோதனையை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரு வெளிநாட்டு மருந்துக் கம்பெனியின் சோதனை எங்களிடம் வந்தபோது, முதலாளி என்னைத் தனி அறையில் உட்கார வைத்தார். அறைச் சாவி என்னிடம். அவள் வெளியே, அந்த மருந்துக் கம்பெனிக்காரர்களோடு பேசும் வேலையில். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். உள்ளே பார்த்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

முடிவு வந்தது. நோயாளிகளைக் கூட்ட வேண்டும் என்று மென்பொருள் சொன்னது. புதிய எண்ணிக்கையை வழக்கம்போல எல்லாருக்கும் அறிவித்தோம்.

அடுத்த மாதம் ஒரு போன் கூட்டத்தில் அந்த மருந்துக் கம்பெனியின் அதிகாரி, "மருந்து கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது, கொஞ்சம்தான் குறை" என்று பேசியிருக்கிறார். சோதனையைக் கண்காணித்த டாக்டர் உடனே, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க, அவர் எங்கள் ஆபீஸைக் கைகாட்டிவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டபோது அவளும் அங்கே நின்றிருந்தாள்.

"நீங்கதான் சொன்னீங்கன்னு இவங்க சொல்றாங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ட்ரெயின்ல வர்றப்ப சொன்னா சார்" என்றாள்.

எவ்வளவோ மறுத்தேன். எங்கள் நெருக்கம் எல்லாருக்கும் தெரியும். இத்தனை நெருக்கமானவள் சொல்லாமலா இருந்திருப்பாள்? அந்த நெருக்கத்தையே அவள் எனக்கு எதிராகச் சாட்சி வைத்திருந்தாள். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது ஒருநாள் பிடிபட்டது. குறை எவ்வளவோ அதற்கேற்ப நோயாளிகளைக் கூட்டுவதுதான் எங்கள் விதி. விதி தெரிந்தவளுக்குப் புதிய எண்ணிக்கை ஒன்று போதும்; அப்படியே பின்னோக்கிப் போட்டால் உள்ளே இருக்கும் முடிவு வந்துவிடும். போட்டுப் பார்த்தேன். வந்தது.

அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் அமைதியாகப் பார்த்தார்.

"எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருச்சும்மா."

"அப்பறம் ஏன் சார் என்னய அனுப்புனீங்க?"

"ஒரு பொண்ணு வாய் தவறிச் சொல்லிட்டான்னா மன்னிச்சிருவாங்க. சாஃப்ட்வேரே காட்டிக் குடுக்குதுன்னு தெரிஞ்சா யாரு வாங்குவா? அப்பறம் இங்க இருக்குற அத்தன பேரும் வேல இல்லாம வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வாசல்வரை வந்த நான் திரும்பி, "அப்படின்னா விதியயாச்சும் மாத்துங்க சார். கொஞ்சம் கூட்டு, ரொம்பக் கூட்டு, ரெண்டே அளவு வைங்க. யாராலயும் பின்னாடி போய்க் கண்டுபிடிக்க முடியாது" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் எழுதியது ஓட்டையோடு இருப்பதைப் பொறுக்க முடியவில்லை போலும். நான் பேசியதில் அதை மட்டும் அவர் குறித்துக்கொண்டார்.

ஊரில், ஆபீஸ் ரகசியத்தை விற்றுவிட்டேன் என்று பேசினார்கள். லீவில் வந்த அத்தா ஒரே ஒருமுறை கேட்டார்: "நீ சொன்னியாம்மா?" "இல்லத்தா." "சரி." அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அவள் அந்த மருந்துக் கம்பெனியிலேயே வேலை வாங்கிக்கொண்டு அமெரிக்கா போனாள். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனேன். அங்கே ஒரு கருத்தரங்கில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பை விளக்கினார்கள். ரகசியம் கசியாத புது விதி என்று பெருமையாகக் காட்டினார்கள். நான் வாசலில் நின்று சொன்ன அதே இரண்டு அளவு. கேள்வி உண்டா என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

சில வருடம் கழித்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், சாக்லேட்டுப் பெட்டியோடு. டீ போட்டுக் கொடுத்தேன்.

"கணக்குப் போட்டேன்னு சொன்னா என் வேல போயிரும். உன் பேரச் சொன்னா, திட்டிட்டு விட்ருவாங்கன்னு நெனச்சேன்டி."

"நெனச்சியா, கணக்குப் போட்டியா?"

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கும்போது, "இன்னும் கோவமாத்தான் இருக்கியா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நான் தெருவரை போய் வழியனுப்பவில்லை.