முழுப் பேருந்தும் ஆஸ்பத்திரி வாசலில்

சேவியர் சார் இறந்துவிட்டார் என்று நடத்துநர் முருகன் தொலைபேசியில் சொன்னபோது, "காலங்காத்தால என்ன விளையாட்டு இது? சார்கிட்ட போனைக் குடு" என்று அதட்டினேன். சார்தான் பக்கத்தில் நின்று பேசவைக்கிறார் என்று நினைத்தேன். மறுமுனையில் முருகன் அழுதார். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போகும் நம் காலைப் பேருந்துக் கூட்டத்தில் பாதிப் பேர் அன்று முருகனை இப்படித்தான் திட்டியிருக்கிறீர்கள். சார் அப்படி விளையாடுகிற மனிதர்!

கடலூர் மின்சார அலுவலகத்தில் கணக்கர். அது சம்பளத்துக்கு, மற்றபடி நம்மைச் சிரிக்கவைப்பதுதான் அவர் வேலை. பவர்கட் என்று யாராவது புலம்பினால், "மெழுகுவத்தி வாங்க மறந்துட்டு எங்களத் திட்டாதீங்க" என்பார். ஜன்னல் வழியே சாப்பாட்டுப் பையைப் போட்டு இடம் பிடிப்பது நம் வழக்கம். அவர் பை வேறு யாராவது ஒருவருக்காகத்தான் விழும். அவர் நின்றுகொண்டே வருவார்.

2009இல் சென்னையில் என் இதய ஓட்டையை அடைத்தார்கள். பிறவியிலேயே இருந்தது, முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாயை விட்டு, குடை மாதிரி விரியும் சின்ன மூடியை வைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு உடம்பை அலட்டிக்கொள்ளாதே என்று சொல்லி அனுப்பினார்கள். நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சார் பேருந்தில் சட்டம் போட்டார்: "டீச்சர் நெஞ்சுல குடை இருக்கு. குலுங்கிச் சிரிச்சா கழண்டுக்கும். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது!"

பேருந்து எழவு வீடு போல ஆகிவிட்டது. அவரே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். இவரே சிரிக்கவில்லையென்றால் நம் கதை முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. திடீர் திடீரென்று நெஞ்சு தறிகெட்டு அடித்தது, பிறகு தானே அடங்கியது. வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால், "வேலைக்குப் போனது போதும்" என்று மாமியார் உட்காரவைத்துவிடுவார். அந்த வேலை எனக்கு உயிர்.

ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டியதும் அடிக்கத் தொடங்கியது, நிற்கவேயில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னாச்சு டீச்சர்? மூஞ்சி வெளுத்துப் போச்சே" என்று சார் குனிந்தார்.

"ஒண்ணுமில்ல சார். வெயிலு."

"பொய் சொல்லாதீங்க. காலையில ஏது வெயிலு?"

எல்லாவற்றையும் சொல்லி, "வீட்டுக்குத் தெரிஞ்சா வேலைய வுடச் சொல்லுவாங்க சார்" என்று அழுதேன்.

"அவுங்ககிட்ட நான் பேசிக்கிறேன். மொதல்ல டாக்டரு." ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஸ்டாண்டுக்குப் போவாத. நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு!"

ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. முழுப் பேருந்தும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. "பேஷண்ட்டு கூட யார் வந்தது?" என்று மருத்துவர் கேட்க, கதவை அடைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும், "நாங்கதான்" என்றார்கள்.

படபடப்பு அடங்குவதற்குள் போனதால் ஈசிஜியில் அது அப்படியே பதிந்தது. மூடி நகரவில்லை என்றார் மருத்துவர். இதயத்தின் மேலறையில் மின்சாரம் தப்பு வழியில் சுற்றுகிறது, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வருவதுண்டு, மருந்தில் கட்டுப்படும், வேலைக்கும் போகலாம் என்று விளக்கினார்.

"கரண்ட்டு கோளாறா? அப்ப நம்ம டிபார்ட்மென்ட்டுதான்!" என்ற சார், உடனே கையைக் கட்டிக்கொண்டு, "டாக்டர், இவுங்க சிரிக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா."

"அடக் கடவுளே! இத்தினி நாளு வாய மூடிக்கினு வந்தேனே!"

அன்று மாலையே என் மாமியாரிடம் வந்தார். "அம்மா, வீட்டுல மயங்கி வுழுந்தா தூக்க நீங்க ஒருத்தர்தான். பஸ்ஸுல வுழுந்தா அம்பது பேரு இருக்கோம்." மாமியார் சிரித்துவிட்டார். என் வேலை பிழைத்தது.

இதை எழுதும்போதும் அழுகையைவிடச் சிரிப்புத்தான் முந்துகிறது, சார். உங்களிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒன்றுதான்: ஒளிக்காமல் வாய்விட்டுச் சொல்வது. உங்களை அடக்கம் செய்த மறுநாள் பேருந்தில் நெஞ்சு மறுபடி படபடத்தது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பூக்காரப் பெண்.

"அக்கா, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. கொஞ்சம் பாத்துக்குறீங்களா?" என்றேன்.

"இதுக்கு எதுக்கும்மா கேக்குற?" என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.