பாலத்தில் நின்றவர்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய காலத்தில், அவற்றில் ஒன்றில் சூளைக்கு நிலக்கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார் காத்தவராயன். நல்ல உயரம், அகலமான தோள். நடக்கும்போது மட்டும் தரை சுடுவதுபோல அடியைப் பார்த்துப் பார்த்து வைப்பார். இரண்டு காலிலும் விரல்கள் இல்லை. பனியில் கருகிப்போனதைப் பட்டாள ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். மார்கழி வந்தால் இல்லாத விரல்கள் வலிக்கும் என்பார். மற்றவர்கள் பயந்து ஒதுங்கும் சூளை வாயை அவர் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பட்டாளத்தில் இருந்தவருக்கு வாட்ச்மேன் வேலை சுலபமாகக் கிடைக்கும். இவருக்குக் கிடைக்கவில்லை. மேனேஜர் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், ஒரு பக்கத்தில் அவர் கண் நின்றது, மூடித் திருப்பிக் கொடுத்தார். எதிரி முன்னேறி வந்தபோது காவல் இடத்தை விட்டு ஓடியதால் வேலைநீக்கம் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது.

அவர் ஓடவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி முடிகிற நேரம். சீனப்படை மலையிறங்கி வந்துகொண்டிருந்தது. காத்தவராயனின் பிரிவுக்குப் பின்வாங்க உத்தரவு வந்தது. வழியில் ஓர் ஓடை. அதன்மேல் கயிறும் பலகையுமாக ஒரு பாலம். கடைசி ஆள் கடக்கும்வரை காவல் நின்று, பிறகு பாலத்தை அறுத்துவிட்டு வரும்படி இரண்டு பேரை அங்கே நிறுத்தினார்கள். ஒருவர் காத்தவராயன். இன்னொருவன் கருவேப்பிலங்குறிச்சி கலியமூர்த்தி. ஒரே தாலுக்கா என்பதால் அவரையே சுற்றிச் சுற்றி வருவான். குள்ளமான பையன். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று அப்போதுதான் ஊரிலிருந்து சேதி வந்திருந்தது.

குண்டுச் சத்தம் நெருங்க நெருங்கக் கலியமூர்த்திக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. "அண்ணே, என்னால முடியலண்ணே" என்றான். அடுத்த நிமிஷம் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடையோரமாக, போகக்கூடாத திசையில் ஓடினான். காத்தவராயன் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவன் திரும்பவில்லை. அவர் நின்றார். கடைசி ஆள் கடந்த பிறகு கயிற்றை அறுத்தார். அறுத்து முடிப்பதற்குள் பிரிவு மலைத் திருப்பத்தில் மறைந்துவிட்டது, பனி மூடிக்கொண்டது, வழி தவறிப்போனது. மலையில் மாடு மேய்க்கும் ஒரு குடும்பம் அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் குடிசையில் போட்டுக் காப்பாற்றியது. சில வாரங்கள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

அதற்குள் விசாரணை முக்கால்வாசி முடிந்திருந்தது. பாலத்திலிருந்து ஒருவன் ஓடியதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் பாலத்தைக் கடந்தவர்கள் யாரும் நின்றவன் முகத்தைக் கவனித்திருக்கவில்லை. கலியமூர்த்தியின் உடல் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, ஓடையோரத்தில் குண்டுபட்டுக் கிடந்தது. செத்தவன் பாலத்தருகே கிடக்கிறான்; உயிரோடு இருப்பவன் எங்கேயோ கிடைத்திருக்கிறான். அப்படியானால் ஓடியவன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காய்ச்சலில் கிடந்தவரிடம் ஓர் அதிகாரி வந்து இந்தியில் கேட்டார். இவர் தெரிந்த இந்தியில் "நான் ஓடவில்லை" என்றார். ஓடியது யார் என்று சொல்லவில்லை. கலியமூர்த்திக்கு வீரமரணம் என்று அறிவித்துவிட்டார்கள் என்பதைப் பக்கத்துக் கட்டில்காரன் சொல்லி அவர் கேட்டிருந்தார். செத்த பையனைப் பற்றி வாய் திறக்க வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகு பட்டாளத்தின் பதிவு அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டார். கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட்தான் இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் ஒரே விஷயம்: நான் ஓடவில்லை, பதிவைத் திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: புதிய சாட்சியம் இல்லாமல் மறுபரிசீலனை செய்ய இயலாது.

அவர் மனைவி அம்சவல்லி அதிகம் பேசமாட்டாள். பேசினால் வெட்டிப் பேசுவாள். "ஓடுனது அந்தப் பையன்னு எழுதித் தொலைங்களேன். செத்தவனுக்கு என்னா வலிக்கப் போவுது?" என்று எத்தனையோ முறை கேட்டாள்.

"அவன் பொண்டாட்டி உசுரோட இருக்குதுடி."

"நானும் உசுரோடத்தான் இருக்கேன்."

எழுபத்தொன்றில் வங்காளத்துச் சண்டை வந்தது. விருத்தாசலம் ஜங்ஷனில் பட்டாள ரயில் நின்றால் ஊரே திரளும். பெண்கள் புளிச்சோற்றுப் பொட்டலமும் முந்திரிப் பருப்பும் ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். ஒருநாள் காத்தவராயனும் சூளைக் கரியைக் கழுவிவிட்டு, பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். ஜன்னலில் ஒரு தமிழ்ப் பையன் கையை நீட்டினான். இவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பையனும் சிரித்துக்கொண்டே அடித்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ரிட்டயர்டு ஹவில்தார் சக்கரபாணி. ஊரில் முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம். "சண்டைக்குப் போற புள்ளைங்க. ஓடிவந்தவன் கையால எதையும் வாங்க வேணாம். ராசி ஆவாது" என்றார். பெரிதாகக் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கூட்டம் மெதுவாக விலகி இவரைச் சுற்றி இடம்விட்டது. நீட்டிய கையை அந்தப் பையன் உள்ளே இழுத்துக்கொண்டான். பழத்தை பிளாட்பாரத்துப் பெஞ்சியில் வைத்துவிட்டு அவர் வந்துவிட்டார். அந்தக் கோட்டை மறுபடி அவர் போடவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு வழி திறந்தது. அன்றைக்கு மேட்டிலிருந்து தூரக்கண்ணாடியில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சுபேதார் தர்மராஜ், ஓய்வு பெற்று நெல்லிக்குப்பத்தில் வீடு கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. காத்தவராயன் பஸ் பிடித்துப் போனார். தர்மராஜ் இவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஓடுனவன் குள்ளமா இருந்தான்யா. நீ இந்த ஒசரம் இருக்கிற. என்னைய யாரும் கூப்புட்டுக் கேக்கல. நான் வேற எடத்துக்கு மாத்தலாயிப் போயிட்டேன்" என்றார். "எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன். ஆனா நீ ஓடலன்னா ஓடுனது யாருன்னு நீதான் எழுதித் தரணும். அது இல்லாம நான் என்னா சொன்னாலும் நிக்காது."

காத்தவராயன் நேராக டைப்பிஸ்ட்டிடம் போகவில்லை. கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனார்.

கலியமூர்த்தியின் மனைவி நீலாவதியை அதற்குமுன் அவர் பார்த்ததில்லை. கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் வரப்பில் வந்து உட்கார்ந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலியமூர்த்தியின் படம் மாட்டியிருந்தது. சுதந்திர தினத்தன்று முதல் மாலை அதற்குத்தான். கல்யாணமான வருஷமே புருஷனை விழுங்கியவள் என்று பேசிய வாய்கள் அந்தப் படம் வந்த பிறகுதான் அடங்கின. மகன் அங்கேதான் படித்தான். இதெல்லாம் தெரிந்தே அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இடி இடிச்சா என் முந்தானையப் புடிச்சுக்குவாருண்ணே அந்த மனுசன்" என்றாள் கடைசியில். "பாலத்துல தனியா நின்னு செத்தாருன்னு வந்து சொன்னாங்க. வேற யாரையோ சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். ஆனா ஊரு கும்புடுதே, நான் எப்பிடி இல்லைங்கறது?"

"நான் எழுதுனா எல்லாம் போயிடும்மா. பென்சனும் நின்னுடும்."

அவள் அழவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பன்னண்டு வருசமா எங்களுக்காவ நீங்க சொமந்திருக்கீங்க. எழுதுங்கண்ணே" என்றாள்.

அவள் கெஞ்சியிருந்தால் அவர் எழுதியிருக்கமாட்டார் என்றுதான் அம்சவல்லி பிற்பாடு சொல்வாள். அந்த வாரமே சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று ராத்திரி வெகுகாலத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

விசாரணைக்குத் தேதி வருவதற்குள் தர்மராஜ் மாரடைப்பில் இறந்துபோனார். தந்தி வந்து, சாவுக்குப் போய், சுடுகாடுவரை நொண்டிக்கொண்டே நடந்து திரும்பினார் காத்தவராயன். வழியெல்லாம், நான் கையெழுத்துப் போட்ட பிரமாணம் இருக்கிறது, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முடிவு அடுத்த வருஷம் வந்தது. டைப்பிஸ்ட் இரண்டு தரம் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கலியமூர்த்தி காவல் இடத்தை விட்டு ஓடியது, உடன் இருந்தவரின் வாக்குமூலத்தால் உறுதியாகிறது. எனவே அவருடைய பதிவு திருத்தப்படுகிறது. மனுதாரர் அங்கேயே நின்றார் என்பதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. எனவே அவருடைய பதிவில் மாற்றமில்லை.

"அப்பிடின்னா?" என்று கேட்டார் காத்தவராயன்.

"ரெண்டு பேருமே ஓடிட்டீங்கன்னு எழுதியிருக்காங்க, காத்தவராயா."

அவர் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கருவேப்பிலங்குறிச்சியில் பள்ளிக்கூடத்துப் படத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று சூளையில் கூட வேலை செய்தவன் வந்து சொன்னான். பென்சன் நின்றது. பையனைப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட, அவன் பள்ளிக்கூடத்துக்குப் போக மறுத்தான். நீலாவதி அவனைக் கூட்டிக்கொண்டு மங்கலம்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை.

காத்தவராயன் மங்கலம்பேட்டைக்கு ஒருமுறை போனார். கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். அவள் வாசலைக் கூட்டிவிட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, கடைக்காரரிடம் எதற்கோ தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவர் தெருவைக் கடக்காமலேயே திரும்பிவிட்டார்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் டைப்பிஸ்ட்டிடம் போய் ஒரு மனு சொன்னார். டைப்பிஸ்ட் மெஷினிலிருந்து விரலைத் தூக்கிக்கொண்டார்.

"யோவ், என்னா அடிக்கச் சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியுது சார். போன தடவ நான் எழுதுனது பொய்யி. ஓடுனது நான்தான். பாலத்துல நின்னு செத்தது கலியமூர்த்தி. அப்பிடியே அடிங்க."

"பொய்ச் சத்தியம் பண்ணேன்னு உள்ள வெச்சாங்கன்னா?"

"வெக்கட்டும்."

"நாளைக்கு ஒன் பக்கம் சாட்சி எவனாச்சும் கெடைச்சாலும் இதுக்கப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுய்யா."

"அடிங்க சார்."

தன் குற்றத்தை ஒருவன் தானே ஒப்புக்கொண்டால் சாட்சி தேவையில்லை போலிருக்கிறது. அத்தனை வருஷம் அசையாத கோப்பு சில மாதங்களில் நகர்ந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து கையெழுத்து இவருடையதுதானா என்று கேட்டுப் போனார். ஜெயிலுக்கு யாரும் கூப்பிடவில்லை. கலியமூர்த்தியின் பதிவு பழையபடி ஆனது, நீலாவதிக்குப் பென்சன் திரும்ப வந்தது. காத்தவராயனின் பதிவில், குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி கூடியது. சக்கரபாணி அதைச் சங்கத்தில் படித்துக் காட்டினார் என்று சொன்னார்கள்.

அம்சவல்லிக்கு டைப்பிஸ்ட்டின் மனைவி மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்துப் போட்டாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். அவரும் சமாதானம் சொல்லவில்லை. ஊர் சொன்னபோது அவள் ஒருத்தியாவது நம்பாமல் இருந்தாள். இப்போது அவர் வாயாலேயே ஊர் சொன்னதை ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

எழுபத்தெட்டு தை மாதம் நீலாவதி மங்கலம்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காத்தவராயன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"எதுக்குண்ணே இப்பிடி எழுதுனீங்க? நான்தான் எழுதச் சொன்னேனே. எல்லாத்துக்கும் தயாராத்தானே இருந்தேன்" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

"பையன் ஸ்கூலுக்குப் போறானா?"

"போறான்."

"போவட்டும்" என்றார்.

அம்சவல்லி இலையைப் போட்டு, சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தாள். நீலாவதி தலை நிமிராமல் சாப்பிட்டாள். கை கழுவ அம்சவல்லிதான் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஒம்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லம்மா. நீ நல்லா இரு. ஆனா இந்த வூட்டுக்கு இனிமே வராத. ஒன்னைப் பாத்தா எனக்குத் தாங்காது."

நீலாவதி தலையாட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். காத்தவராயன் மீதித் துணியையும் காலில் சுற்றி முடிந்தார். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. சுவரைப் பிடித்து எழுந்து கம்பெனிக்குப் போனார்.