அவள் பையில் போன கேம்

சிஞ்ச்வட் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த புதிதில் நான் ஆசையாக வாங்கியது டிவியோடு இணைத்து ஆடும் பெரிய கேம் கன்சோல். பனிமலையில் தொலைந்த தம்பியைத் தேடிப் போகும் ஒரு வீரனின் கதையை அதில் ஆடத் தொடங்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கண்புரை ஆபரேஷனுக்காக அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்தார், கூடவே அம்மாவும். வந்த அன்றே டிவி என் கையை விட்டுப் போனது. பகலெல்லாம் அப்பாவுக்குச் செய்தி, சாயங்காலம் அம்மாவுக்கு சீரியல்.

அதே கேம் கையடக்க கன்சோலுக்கும் வந்தது அப்போதுதான். என் மனைவி தன்னிடம் ஏற்கெனவே இருந்த கையடக்க கன்சோலுக்கு அதை உடனே வாங்கிவிட்டாள்.

"அதான் வீட்டுலயே இருக்குதே, மறுபடி எதுக்கு?" என்றேன்.

"உங்களுது டிவிய விட்டு நகராது. இது என் பையில வரும்ங்க."

ஊரின் மறுகோடியில், மகர்பட்டாவில் அவளுக்கு வேலை. போக வர கம்பெனி பஸ்ஸில் ஆடினாள். குக்கர் விசில் அடிக்கும்வரை அடுப்படியில் நின்று ஆடினாள். துணிக்கடையில் அம்மா புடவைகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆடினாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். டிவியில் பொடிப்பொடியாக விழும் பனி, அந்தச் சின்னத் திரையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பிக் கிடந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் நான் மாட்டிக்கொண்டு நின்ற பாலத்தைத் தாண்டி அவள் எங்கேயோ போயிருந்தாள்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம். அங்கேயும் ஆடிக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை நீட்டினாள்.

"நான் போய் சாய் வாங்கிட்டு வர்றேன். நீங்க ஆடுங்க."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். கை அதற்குள் வாங்கிவிட்டது. இரண்டும் வேறு வேறு கம்பெனி கன்சோல் என்பதால், வீட்டில் நான் ஆடியது எதுவும் இதில் இல்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். நர்ஸ் வந்து "ஜாலா, ஜாலா" என்று ஆபரேஷன் முடிந்ததைச் சொன்னது என் காதில் விழவே இல்லை. டீயோடு திரும்பி வந்த மனைவிதான் தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். உள்ளே, ஒற்றைக் கண்ணில் கட்டோடு படுத்திருந்த அப்பா, "எங்கடா போனே இத்தன நேரம்?" என்றார். வாசலில்தான் இருந்தேன் என்றேன். பொய்யில்லை.

அதன்பிறகு அந்தக் கன்சோலுக்கு வீட்டில் தினமும் இழுபறி. "என்னோடதுங்க அது, குடுங்க" என்று அவள் என் கையிலிருந்தே பிடுங்கும் நிலை வந்ததும், எனக்கென்று ஒன்று வாங்கினேன். அவளுடையதைவிடப் புதிய மாடல், திரையும் பெரியது. ஒரே வீட்டில் மூன்றாவது தடவையாக அதே கேமையும் வாங்கினேன். பெட்டியைப் பிரிக்கும்போது ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளும் ஒருநாள் எரியட்டுமே என்று இருந்தது.

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பளிச்சுன்னு இருக்குதுங்க. நல்லா வாங்கியிருக்கீங்க."

மனதாரத்தான் சொன்னாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க பால்கனிக்குப் போனாள். இழுபறிக்கு நடுவிலேயே அந்தக் கேமை அவள் முடித்துவிட்டிருந்தாள்.