நடந்தவரை உட்கார வைத்தேன்

கம்பெனிகளிடம் உதவி கேட்கப் போகும் சின்னத் தொண்டு நிறுவனங்களைத் தயார்படுத்துவது என் வேலை. அதற்கு முன்னால் தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் பல வருஷம் இருந்தேன். சமூகப் பொறுப்பு நிதி யாருக்குப் போக வேண்டும் என்று விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையும் என்னிடம்தான் இருந்தது. தொழிற்சாலை மூடிய பிறகு, கையெழுத்துப் போடுகிறவர்கள் எதைப் பார்த்துப் போடுவார்கள் என்பது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்திருந்தது. அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன்.

பதிவுச் சான்றிதழ், ஆண்டறிக்கை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோப்பில் அடுக்கித் தருவேன். ஐந்து வருஷமாக என்ன செய்தார்கள் என்பதை இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தருவேன். கம்பெனி ஆட்கள் நேரில் பார்க்க வரும் நாளுக்கு ஒத்திகையும் வைப்பேன். இந்த ஒத்திகை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. வருகிறவர்கள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள், திரும்பிப் போகும்போது ஒரே ஒரு முகம்தான் அவர்களுடைய நினைவில் இருக்கும், அந்த முகத்தை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்லுவேன். கேட்பவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அரியாங்குப்பத்தில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வாடகை வீட்டில் ஒரு பயிற்சி நிலையம் நடத்திவந்தார். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களை மறுபடி நடக்கவும் பேசவும் பழக்குகிற இடம். கூடத்தில் தண்ணீர்க் குழாய்களை வெட்டிப் பற்றவைத்த இரண்டு கைப்பிடிகள் இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அக்கா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள், பிரெஞ்சு கான்வென்ட்டில் படித்தவர். எண்ணிக்கை மட்டும் அவருக்குப் பிரெஞ்சில்தான் வரும். "ஆன், தெ, த்ருவா" என்று அவர் எண்ண எண்ண, மில்லில் வேலை பார்த்தவர்களும் மீன் விற்றவர்களும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பார்கள்.

அந்த இடத்துக்கு அப்போது தேவைப்பட்டது ஒன்றுதான். வாரத்துக்கு மூன்று நாள் வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. இங்கேயே முழுநேரச் சம்பளம் கிடைத்தால் இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

வருகைக்கு நாலு நாள் முன்னால் முகத்தைத் தேர்ந்தெடுக்கப் போனேன். அங்கே வருகிறவர்களில் அதிகம் தேறியிருந்தவர் மூடிப்போன மில் ஒன்றில் தறி ஓட்டியவர். அறுபதைத் தாண்டியவர். வலது பக்கம் விழுந்திருந்தது. முதலில் படுக்கையோடு கிடந்தவர், இப்போது ஒரு கைத்தடியோடு இரண்டு தெரு தாண்டி, தனியாகவே நிலையத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பேச்சு நிதானமாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆனால் நல்ல களையான முகம், வெள்ளை மீசை, படத்தில் எடுப்பாக விழும் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

ஒரே ஒரு குறைதான். அவர் நன்றாக நடந்தார்.

பின்கட்டில் ஒரு பழைய சக்கர நாற்காலி கிடந்தது. அதன்மேல் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதைத் துடைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். "அன்னிக்கு மட்டும் ஐயா இதுல ஒக்காரட்டும்" என்றேன்.

அக்காவுக்குப் புரியவில்லை. "நடக்கறவர எதுக்குத் தம்பி ஒக்கார வெக்கணும்?"

"வர்றவங்க கண்ணுல கஷ்டம் படணும்க்கா. எல்லாரும் நல்லா நடந்துகிட்டு இருந்தா, இவங்களுக்கு நாம எதுக்குன்னு நெனைச்சிட்டுப் போயிடுவாங்க. நான் அந்தப் பக்கம் இருந்தவன், எனக்குத் தெரியும்."

"நடக்க வெக்கறதுதானே நம்ம வேலையே?"

"கையெழுத்து ஆகட்டும்க்கா. அப்பறம் அத சொல்லிக்கலாம்."

அக்கா பிசியோ பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். மேற்கொண்டு யாரும் பேசுவதற்குள், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மில்காரரே முன்வந்தார். "மில்லுல... பூராவும்... நின்னுட்டே இருந்தேன். அரமணி நேரம்... ஒக்கார்றதுக்கு என்ன சார்?" என்று சிரித்தார். அவர் சம்மதித்தார் என்பதை வைத்துப் பிறகு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தன்னை எழுப்பி நிற்க வைத்த இடம் கேட்கிறது, அவர் எப்படி மறுப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் முடிவெடுக்க வேண்டியவர் ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஓர் அம்மாள். அதிகம் பேசாதவர். மற்ற இருவரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் நேராகச் சக்கர நாற்காலியின் பக்கம் போய்த் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடக்கிறது என்று நினைத்தேன்.

"எவ்ளோ நாளா நடக்க முடியலங்க?" என்று அவரிடம் கேட்டார்.

மில்காரர் என்னைப் பார்த்தார். பொய் சொல்வதற்கான சொற்களை அவருக்கு நான் கற்றுத் தந்திருக்கவில்லை.

"ரெண்டு வருஷமாங்க மேடம்" என்று நானே சொன்னேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இனிமே நடப்பாரா சார்?" என்றார்.

"கஷ்டம்தாங்க மேடம்" என்றேன். முகத்தையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசற்படியில் மில்காரருடைய மனைவி நிற்பதைக் கவனித்தேன். வந்தவர்களுக்குக் கொடுக்க ரோஸ்மில்க் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். டம்ளர்களில் ஒன்றுகூட அசையாமல் தட்டைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்தார். பிறகு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

வேலை முடிந்தது. ஒரு மாதத்துக்குள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நான் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே கடிதத்தைப் பிரித்தேன். சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நேரில் கண்ட தேவையின் அடிப்படையில் பத்துச் சக்கர நாற்காலிகள் வழங்க முடிவு செய்திருப்பதாக எழுதியிருந்தார்கள்.

"இது நமக்கு எதுக்கு?" என்று அக்கா கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"மொதல் வருஷம் இத வாங்கிக்கலாம்க்கா. உறவு ஏற்பட்டுட்டா அடுத்த வருஷம் சம்பளம் கேக்கலாம்" என்றேன். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்தான் அது. அடுத்த வாரம் பிசியோ பெண் சென்னைக்குப் போய்விட்டாள்.

நாற்காலிகளை வழங்குவதற்கு ஒரு விழா வைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் பேனருக்கு நாலு சொல் எழுதித் தரச் சொன்னார்கள். "நடக்க இயலாதோருக்கு நாங்கள் கால்களாவோம்" என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது நன்றாக இருப்பதாகவே தோன்றியது. கடலூர் சாலையில் ஆள் உயரத்துக்கு மேல் அந்த பேனர் நின்றது. அதில் மில்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்த மாதிரியே முகம் எடுப்பாக விழுந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அறிக்கைக்குப் படம் எடுக்க நிலையத்துக்குப் போனேன். பத்து நாற்காலிகளும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவர் ஓரம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கைப்பிடியில் இரண்டே பேர் நடந்துகொண்டிருந்தார்கள். மில்காரரைக் காணவில்லை.

"அவரு இப்பல்லாம் வர்றதில்ல தம்பி" என்றார் அக்கா. மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வழி மட்டும் சொன்னார்.

மனைவிதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். அவர் உள்ளே கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விழித்திருக்கிறார் என்பது தெரிந்தது. கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒடம்பு முடியலையா?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு என்ன. டீக்கடைக்குப் போனாரு. பேனருல ஒக்காந்திருக்க, இங்க நடந்து வர்ற, எவ்ளோய்யா குடுத்தாங்கன்னு கேட்டிருக்கானுங்க. ரெண்டு நாளு சிரிச்சிக்கிட்டே வந்தாரு. மூணாம் நாளு ஒருத்தன், எங்க நடந்து காட்டு பாப்போம், நெசமா நொண்டியா நடிப்பான்னு கேட்டிருக்கான். அன்னையிலேருந்து வெளிய போறதில்ல."

நான் கட்டிலைப் பார்த்தேன்.

"நடந்தா ஊரை ஏமாத்துனவன்னு ஆவுது. நடக்காம இருந்தா பேச்சு இல்ல பாருங்க" என்றார். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னார்: "காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி, இடுப்புல துண்டக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நடக்க வெச்சேன் சார். எத்தன தபா என்மேலயே விழுந்திருக்காரு. அத்தன பேரு முன்னால ரெண்டு வருஷமா நடக்கலன்னு சொல்லிட்டீங்களே."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்தச் சொல் அந்த வீட்டில் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவர் கட்டிலில் அசையவே இல்லை. வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நல்ல மனிதனாக இருந்திருந்தால் அன்றைக்கே கம்பெனிக்குப் போயிருப்பேன். நான் பன்னிரண்டு நாள் போகவில்லை. இந்த விஷயம் வெளியே தெரிந்தால் வேறு எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடாது என்ற பயம். எனக்கும் ஒரு பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் போனதற்கும் மனசாட்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது. அக்கா போனில் அழைத்து, "நீங்க போயி சொல்றீங்களா, நான் போவட்டுமா தம்பி?" என்று கேட்டார். நானே போகிறேன் என்றேன்.

அந்த அம்மாளின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, ஒத்திகை, இரண்டு வருஷம் என்றது எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை நேராக அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்போ அவர் நடந்துகிட்டு இருந்தாரா? அன்னிக்கே?"

"ஆமாங்க மேடம். வீட்டுலேருந்து நடந்துதான் வந்தாரு."

"எங்கப்பாவும் வலது பக்கம் விழுந்து கெடக்கறாரு சார். உங்க விண்ணப்பத்த நான் எடுத்துப் படிச்சதே அதுக்காகத்தான். நடப்பாரான்னு ஒங்ககிட்ட கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"கஷ்டம்தான்னு சொன்னீங்க. அனுபவம் உள்ளவர், தெரிஞ்சுதான் சொல்றார்னு நெனைச்சேன். அன்னிக்கு வீட்டுக்குப் போயி என் தம்பிகிட்ட, இனிமே அப்பாவ எக்சர்சைஸ் அது இதுன்னு படுத்த வேணாம், நிம்மதியா விட்டுடலாம்னு சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "நீங்க கெளம்பலாம் சார். இனிமே அந்த நர்ஸம்மாவ நேரா எங்கிட்ட பேசச் சொல்லுங்க" என்றார். படி இறங்கும்போது என் பழைய அலுவலகத்தின் படிகள் ஞாபகத்துக்கு வந்தன. எத்தனையோ விண்ணப்பங்களை நானும் இப்படித்தான் ஒரு முகத்தை நம்பி முடிவு செய்திருப்பேன்.

மறுநாளே பேனரை எடுத்துவிட்டார்கள். நிலையத்தில் நாற்காலிகளில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அரசு மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கா தன் கைப்பட ஒரு பக்கக் கடிதம் எழுதினார். அதில் எழுத்துப்பிழைகள் இருந்ததாம், ஒரு படமும் இல்லையாம். அதற்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் சம்பளம் கிடைத்தது. அந்த அம்மாளின் தந்தையை இப்போது வாரம் இரண்டு நாள் காரில் கூட்டி வருகிறார்கள். இடையில் போன மாதங்களால் முட்டி இறுகிவிட்டது, கொஞ்சம் நிற்கிறார், அவ்வளவுதான் என்று அக்கா சொன்னார். இதையெல்லாம் அக்கா என்னிடம் மரியாதையோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு என்னை எதற்கும் கூப்பிடவில்லை.

நான் இன்னும் இதே வேலையைத்தான் செய்கிறேன். கோப்பு அடுக்கித் தருகிறேன், எழுதித் தருகிறேன். ஒத்திகை வைப்பதில்லை. வருகிறவர்களுக்கு என்ன காட்டலாம் சார் என்று கேட்டால், அன்றைக்கு என்ன நடக்கிறதோ அதைக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஏன் என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கதையை ஒருவரிடமும் சொன்னதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன் என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

போன மாசி மாதம் தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் பெண்களின் சங்கம் ஒன்றுக்காகத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். காலை ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவி என்னோடு பேசிக்கொண்டே நடந்தார். எதிரே அந்த மில்காரர் தன் மனைவியோடு வந்துகொண்டிருந்தார். முன்பைவிடக் கால் அதிகம் இழுத்தது. மனைவி கையில் பையை வைத்துக்கொண்டு அரை அடி பின்னால், பிடிக்காமல் நடந்துவந்தார். ஈரத் தரையில் அவர் தடியை ஊன்றிப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்.

பார்த்திருந்தால் என்னிடம் நின்று பேசியிருப்பார். "நல்லா இருக்கீங்களா சார்" என்றுகூடக் கேட்டிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். போன் வந்த மாதிரி அதைக் காதில் வைத்துக்கொண்டு, ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் பின்னால் போய் நின்றேன். அவர்கள் கடந்து போக வெகுநேரம் ஆயிற்று.

"யாருங்க சார் போன்ல?" என்று சங்கத் தலைவி கேட்டார்.

"தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றேன்.