மச்சானின் ஜீப்புக்குப் பெட்டி மாற்றிய நாள்

லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்துவர, மச்சானின் ஜீப் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜப்பான் சண்டை முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப் அது. பின்புறம் சாக்கு விரித்து, அதன்மேல் எண்ணெய்க் கறையோடு ஓர் இரும்புப் பெட்டி கிடந்தது. மச்சான் இறங்கினார். பல் துலக்கிக்கொண்டு நான்கடி தள்ளி நின்ற என்னைப் பார்க்காமல், வாசற்படியில் நின்ற தன் தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. மத்தியானத்துக்குள்ள இந்தப் பெட்டிய மாத்தணும்."

அவர் என் மனைவியின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்தவர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்கு அவளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவளோ, பஸ் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என்னைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். அப்படிப்பட்டவர் என் வாசலுக்கு வந்தார் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்காது.

இல்லைதான். தலைப்பிரசவத்துக்கு ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவிக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. வலி எடுப்பதற்குள் மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் சொல்லியனுப்பியிருந்தார். செய்தி கொண்டுவந்த ஆள் சேற்றில் நடந்தே பெரிய சாலைக்கு வந்திருந்தான். தோட்டத்து மண்சாலை மழையில் கரைந்து, இரண்டு நாளாக லாரிகூட உள்ளே போகவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்றுதான் போகும். மச்சானின் ஜீப்பிலோ, என்ஜினின் விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெட்டி உடைந்துபோயிருந்தது. இன்னொரு பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தார். அன்று விடுமுறை, பட்டறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு, ஆனால் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் இன்னும் போகவில்லை. தோட்டத்தைச் சுற்றியிருந்த கம்பிவேலியின் கதவை ஆறு மணிக்குப் பூட்டிவிட்டால் யாரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது.

எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். பின்சக்கரங்களைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் மரங்களை அடுக்கினோம். இரண்டு பேரும் ஈர மண்ணில் மல்லாந்து படுத்து, தோளோடு தோள் உரச உள்ளே நகர்ந்தோம். அந்த நெருக்கத்திலும் அவர் என்னோடு பேசவில்லை. "அரை இஞ்சு ஸ்பானரக் கேளு" என்று வெளியே குந்தியிருந்த தங்கையிடம் சொல்வார். அந்த ஸ்பானர் என் கையிலேயே இருக்கும். எனக்குள் கோபம் ஏறிக்கொண்டே போனது. என் வீட்டு மண்ணில், எனக்குத் தெரிந்த வேலைக்கு, எனக்கே ஆள்விட்டுச் சொல்கிறாரே என்று.

பெட்டியைக் கழற்றும் முன் குறுக்குச் சட்டத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் என்ஜினின் வால்பகுதி தொங்கும். அதைத் தாங்க, ஒரு ரப்பர் பால்மரக் கட்டையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினேன். மண் இளகியிருந்தது. கட்டைக்கு அடியில் அகலமான பலகை ஒன்றைப் போட்டிருக்க வேண்டும். எந்த ஃபிட்டரும் அதைச் செய்வான். நான் செய்யவில்லை, குனிந்து இரண்டாம் முறை பார்க்கவும் இல்லை. கோபத்தில் படபடவென்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

கடைசி போல்ட் ஒன்று பாக்கி. பெட்டியை இறக்கிவைப்பதற்காக மச்சான் இடது கையால் ஒரு பலகையை அடியில் தள்ளினார். அப்போது ஜாக்கி முனகியது. கட்டை ஒருபக்கமாக மண்ணில் இறங்க, என்ஜினின் வால் ஒரு சாண் கீழே வந்தது. அவர் விரல்கள் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. நான் எப்படியோ புரண்டு தோளைக் கீழே கொடுத்தேன். முழுப் பாரமும் என் தோளில் இல்லை, ஆனால் ஜாக்கி இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் அது அவர் முகத்தில்தான் விழும்.

அவர் கத்தவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது. பிறகு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"மாப்பிள்ளே... விட்டுடாதீங்க."

"விடமாட்டேன். கைய மட்டும் அசைக்காதீங்க, மச்சான்."

என் மனைவி அலறியது பின்னால் இருந்த செட்டி கம்பம் என்ற குடியிருப்புவரை கேட்டிருக்கிறது. பின்வீட்டில் இருந்த செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்ட தமிழர் வழியில் வந்தும் தமிழ் தெரியாதவர், எங்களோடு மலாயிலேயே பேசுபவர், வேலிக்கால் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். அதைச் சட்டத்துக்கு அடியில் நெம்புகோலாகக் கொடுத்து, அவரும் என் மனைவியும் அதன்மேல் தொங்கினார்கள். "அங்காட்! அங்காட்!" என்று தூக்கச் சொல்லிக் கத்தினார். உடனேயே, "பெலான், பெலான்!" என்று மெதுவாகச் செய்யச் சொன்னார். பாரம் ஒரு விரற்கடை உயர்ந்தது. மச்சான் கையை இழுத்துக்கொண்டார். நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கிப்போயிருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அவள அங்க கொண்டுபோறப்ப நானும் காட்டிக்கிறேன். நீங்க பெட்டிய ஏத்துங்க" என்றார். தங்கை சேலையைக் கிழித்துக் கட்டிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் படுத்திருந்த இடத்தில் என் மனைவி வந்து படுத்தாள். கியர்பெட்டியின் ஷாஃப்ட் வெளியே உருவி வந்துவிட்டால் கியர்பெட்டியையும் பிரிக்க நேரும் என்று, ஷாஃப்டைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தேன். அந்தக் கம்பியை அவள் பிடித்துக்கொள்ள, பழைய பெட்டி இறங்கியது, புதியது ஏறியது. இந்த முறை கட்டைக்கு அடியில் பலகை போட்டேன். மூன்று முறை குனிந்து பார்த்தேன்.

முடிக்கும்போது மணி மூன்றரை. மச்சானால் ஓட்ட முடியாது, நான்தான் ஓட்டினேன். மண்சாலை தொடங்கிய இடத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும்படி லீவரைத் தள்ளினேன். பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சத்தம் அடங்கியது. சேறு சக்கரத்தின் பாதிவரை வந்தும் ஜீப் நிற்கவில்லை. ஐந்தே காலுக்குத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தில் நின்றோம். அவர் மனைவியை மெத்தையோடு தூக்கிவந்து பின்னால் படுக்கவைத்தோம். திரும்பும்போது ஒரு சரிவில் வண்டி வழுக்க, அவள் வலியில் ஒரு குரல் கொடுத்தாள். நாங்கள் கதவைக் கடந்தபோது காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண்குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள். கையில் கட்டோடு மச்சான் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"மச்சான், அந்தக் கட்டைய நான் சரியா வைக்கல. கோபத்துல கவனிக்காம விட்டுட்டேன்."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரியும். நீங்க வைக்கும்போதே பார்த்தேன், சாஞ்சுதான் நின்னுச்சு. சொல்லியிருக்கணும். உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு இருந்தேன்."

அந்த இரண்டு விரல்களும் கடைசிவரை மடங்கவில்லை. அதன்பின் நாங்கள் பேசாத வாரம் இருந்ததில்லை, ஆனால் அந்தக் கட்டையைப் பற்றி மட்டும் மறுபடி பேசியதில்லை. 'விரல் ஏம்ப்பா மடங்கல?' என்று மகள் கேட்கும்போதெல்லாம் 'ஜீப்பு விழுந்துருச்சு' என்பதோடு நிறுத்திக்கொள்வார். பக்கத்தில் இருந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஜீப் நின்ற இடத்தில் இப்போது சிமெண்ட் போட்டு என் மகன் கார் நிறுத்துகிறான். மச்சான் போய்ச் சேர்ந்த வருடம், அவர் மகள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கே அப்போது தலை நரைத்திருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

"ரெண்டு பேருக்கும் வாய் இருந்துச்சே, மாமா?"