ஓடைக்குள் அவர் நின்ற இடம்

வாழவந்திப் பக்கத்து ஓடையில் வெள்ளம் வந்தால் எதுவரை பரவும் என்று வரைபடம் போடும் வேலை எனக்கு. தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிது. அளவுகோல் பிடிக்கும் ஆள் அன்று வரவில்லை. ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுவந்து விட்ட என் வீட்டுக்காரரையே ஓடைக்குள் இறக்கினேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அவர், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கோலோடு இறங்கினார்.

தரையின் மேடுபள்ளம் அளக்கும் எங்கள் பழைய லெவல் கருவியின் லென்ஸ் வழியே பார்த்தால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அவரும் அப்படித்தான் தெரிந்தார், சிரித்துக்கொண்டு.

“ஆடாம நில்லுங்க!” என்று கத்தினேன்.

“தண்ணி நொம்பக் குளிருது கண்ணு.”

“நீங்க சிரிச்சா கோலும் ஆடுதுங்க!”

பிறகு சேலம் ஆபீஸில் அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெருமழை வெள்ளத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் நீலம் பரவியது. அவர் நின்ற இடத்தில் ஆழம் எவ்வளவு என்று தேடினேன். ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. வெறும் கணக்குதான், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் எஸ்டேட்டுக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்க, எங்க இருக்கறீங்க?”

“ஆபீஸ்லதான். ஏன் கண்ணு?”

“காலு நனையாம ஊடு வந்து சேருங்க,” என்று சிடுசிடுத்துவிட்டுப் போனை வைத்தேன்.