பயந்தபடியே போன எங்கள் அண்ணா

எங்கள் அண்ணா எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. கத்தோலிக்கப் பங்கு மக்கள் பலர் அவரைத் துணிச்சலான குரு என்று சொல்லி அழுததை அடக்கத்தன்று கேட்டேன். கூடப் பிறந்தவள் என்ற முறையில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அண்ணா மிகவும் பயந்த மனிதர்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில், கடற்றொழிலை நம்பியிருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா கடலுக்குப் போயிருக்கும்போது காற்றுச் சற்று உரத்து வீசினால் போதும், அண்ணாவுக்குச் சோறு இறங்காது. இடிக்கும் பயம், ஊசிக்கும் பயம், தெருநாய்க்கும் பயம். "உவனை நம்பி எப்பிடி நான் வள்ளத்தை விடுறது?" என்று அப்பா அம்மாவிடம் கேட்பார். குருமடத்துக்குப் போகிறேன் என்று அண்ணா சொன்னபோது, கடலுக்குப் பயந்துதான் போகிறான் என்று உறவினர் சிலர் சிரித்தார்கள். அவர் முதல் திருப்பலி ஒப்புக்கொடுத்த நாளில் கிண்ணம் கைகளில் நடுங்கியது. அம்மா முன்வரிசையில் இருந்து பதைத்துக்கொண்டிருந்தார். அன்று முதல் ஊருக்கு அவர் சுவாமி. எனக்கு மட்டும் அண்ணைதான்.

போர்க்காலத்தில் அவர் ஒரு கரையோரப் பங்கில் பணியாற்றினார். ஷெல் விழத் தொடங்கியதும் சுற்றியிருந்த குடும்பங்கள் எல்லாம் கோயிலுக்குள் வந்து சேர்ந்தன. நானும் என் பெண்பிள்ளைகள் இருவரோடு அங்கேதான் இருந்தேன். ஒரு காலையில் வாசலில் லொறி வந்து நின்றது. ஆயுதங்களோடு இறங்கியவர்கள், இளைஞர்கள் எல்லோரையும் விசாரணைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்நாட்களில் விசாரணைக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்குள் ஒரு பிள்ளைகூட அழவில்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்னும் பயம்.

மீன் விற்று ஒரே மகனை வளர்த்த திரேசம்மாக்கா அண்ணாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டார். "சுவாமி, என்ரை றூபனை விடாதேங்கோ."

"நானும் கூடப் போறன் அக்கா. கூட்டிக்கொண்டு வருவன்."

நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பற்றினேன். அது ஐஸ்போலக் குளிர்ந்து வியர்த்திருந்தது. "அண்ணை, போகாதேங்கோ. சுவாமிமாரையும் அவங்கள் விடுறேல்லை."

"எனக்குக் கால் நடுங்குது தங்கச்சி" என்றார் மெதுவாக. "கையை விடு. இல்லாட்டி நான் நிண்டிடுவன்."

விட்டேன். அவர் லொறியில் ஏறினார்.

அன்று பகல் முழுவதும் வெளியே எந்த வாகனச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் நடந்து வந்தார்கள். அண்ணா முன்னால், இளைஞர்கள் பின்னால். தாய்மார் ஓடினார்கள். திரேசம்மாக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், வரிசை முடிந்த இடத்தில் நின்றார். பிறகு திரும்பி அண்ணாவைப் பார்த்தார்.

"அவனைக் கடைசியாய் விடுறம் எண்டவங்கள் அக்கா. என்னை முகாம் வாசலிலை நிக்க விடேல்லை. விடிய நான் திருப்பிப் போறன்."

சொன்னபடி விடிந்ததும் போனார். அடுத்தடுத்த நாட்களும் போனார். அப்படி ஒருவரையும் தாங்கள் கொண்டுவரவில்லை என்றார்கள். றூபனைப் பற்றி இன்றுவரை எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பின் அண்ணா வேறு பல பங்குகளுக்கு மாறிப் போனார். கோயில்களைத் திருத்தினார், கலியாணங்களை நடத்திவைத்தார், குடிகாரக் கணவன்மாரைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். எங்கே இருந்தாலும் திரேசம்மாக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. போகும் நாளில் காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டார். மோட்டார் சைக்கிளின் திறப்பை எடுப்பார், வைப்பார், மீண்டும் எடுப்பார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏன் அண்ணை இப்பிடிப் பயப்பிடுறியள்? அவ உங்களை ஒரு நாளும் ஏசினதில்லையே?"

"ஏசினால் பரவாயில்லை" என்றார். "தேத்தண்ணி தாறா தங்கச்சி. சீனி போதுமோ எண்டு கேக்கிறா."

கடந்த ஆண்டு அவருக்கு ஈரலில் நோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. யாழ்ப்பாண வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த அண்ணா, வயதில் சிறியவர்போல என் கையைப் பிடித்திருந்தார். எத்தனையோ பேருக்கு மரணத் தறுவாயில் துணையிருந்தவர், "எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். நான் செபமாலையை எடுத்தேன். "செபம் பிறகு சொல்லுவம். இப்ப கதை. நீ கதைச்சால் போதும்" என்றார். வாய்க்கு வந்ததையெல்லாம் கதைத்தேன்.

திரேசம்மாக்கா பஸ் ஏறி வந்தார். அவரைக் கண்டதும் அண்ணா எழும்ப முயன்றார், முடியவில்லை.

"அக்கா, கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னனான். என்னை மன்னியுங்கோ."

திரேசம்மாக்கா கட்டிலின் விளிம்பில் இருந்து, அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "மன்னிக்க என்ன கிடக்கு சுவாமி? அண்டைக்கு லொறியிலை வேறை ஆர் ஏறினது?" பிறகு சொன்னார், "அவன் வந்தால் நான் சொல்லுவன். சுவாமி கடைசிவரைக்கும் உன்னைத் தேடினவர் எண்டு."

அண்ணா கண்களை மூடிக்கொண்டார். அன்று மாலை கொஞ்சம் கஞ்சி குடித்தார். சில நாட்களின் பின், நான் அருகில் இருக்கும்போதே மூச்சு நின்றது. கடைசிவரை என் கையை விடவில்லை.

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், மாறிமாறி இரத்தம் கொடுத்த பங்கு இளைஞர்களுக்கும், அருகிருந்து செபித்த குருக்கள், கன்னியர்களுக்கும், அவருடைய உடலைத் தோளில் சுமந்த கடற்றொழிலாளருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து துயர் பகிர்ந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. இவர்கள் எல்லோருக்கும் மேலாகத் திரேசம்மாக்காவுக்கு.

இப்போது அந்த வீட்டுக்கு நான் போகிறேன். முதல் தடவை போனபோது சத்தம் காட்டாமல் வாசல் படலையைத் திறந்தேன். உள்ளே அவர் இருந்த கதிரை சரிந்து விழுந்தது. திரேசம்மாக்கா வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடிவந்தார். என்னைக் கண்டதும் அந்த முகம் மாறியதை என்னால் எழுத முடியாது. மகன் என்று எண்ண வைத்துவிட்டேன் என்று விளங்கி அங்கேயே நின்றேன்.

அவரே என்னைத் தேற்றினார். "உமக்குத் தெரியாது பிள்ளை. சுவாமி ஒழுங்கை முடக்கிலையே, 'அக்கா, நான் சுவாமி வாறன்' எண்டு கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார்."

நானும் இப்போது அந்தத் தெரு முடக்கில் திரும்பும்போதே உரத்துக் கூப்பிடுகிறேன். "அக்கா, நான் சுவாமியின்ரை தங்கச்சி வாறன்."